மலையே நீலமானாலும் குறிஞ்சிக்கு ஆபத்துதான்

"2018-இல் கொடைக்கானல் பக்கம் மலைச்சரிவே நீலமாக இருந்ததைக் கண்ணால் பார்த்தேன். அவ்வளவு பூத்த செடியை ஆபத்தில் இருப்பதாகச் சொல்கிறார்களே, எப்படி?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. பதில் அந்த 'அவ்வளவு' என்ற சொல்லிலேயே இருக்கிறது.

முதலில் செய்தி. நீலக்குறிஞ்சியை, உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன் வெளியிடும், ஆபத்தில் உள்ள உயிரினங்களின் செம்பட்டியல் 2024-இல் 'அழிவாய்ப்புள்ள இனம்' என்று வகைப்படுத்தியது. நீலகிரி, மூணாறு, பழனிமலை, ஆனைமலை என்று மேற்குத்தொடர்ச்சி மலையில் 33 இடங்கள், கிழக்கே ஏற்காட்டில் ஒன்று. அவ்வளவுதான் அதன் உலகம். தேயிலைத் தோட்டங்களும் கட்டடங்களும் சீகை (வாட்டில்), கற்பூர (யூகலிப்டஸ்) மரங்களும் புல்வெளியைப் பிடித்துக்கொண்டதில், வாழிடத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் போய்விட்டது.

சரி, இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. குறிஞ்சிச் செடி வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பூக்கும். பூத்து, விதைத்து, இறந்துவிடும். அதுவும் தனியாக அல்ல, அக்கம்பக்கத்துச் செடிகள் எல்லாம் சேர்ந்து, 12 ஆண்டுக்கு ஒரு முறை. 1838-இலிருந்து 2018 வரை அந்தக் கணக்கு தொடர்கிறது. ஏன் இந்த ஒற்றுமை? விதை தின்னும் எலிகளையும் பூச்சிகளையும் திணறடிக்கத்தான் என்பது உயிரியலாளர்கள் பரவலாகச் சொல்லும் விளக்கம். பதினோரு ஆண்டு பட்டினி, பன்னிரண்டாம் ஆண்டு விருந்து. பந்தியில் உட்கார்ந்தவர்களைவிட இலைகள் பல மடங்கு என்றால் சோறு மிஞ்சத்தானே செய்யும்? முந்திப் பூத்த செடியின் விதைகளோ அநேகமாக மிஞ்சாது. இப்படித் தலைமுறை தலைமுறையாக அவசரக்காரச் செடிகள் கழிந்துபோய், காலம் தவறாதவை மட்டும் நிலைத்தன. மூளையே இல்லாத ஒரு புதர்ச்செடி இப்படி ஆண்டுக் கணக்கு வைத்திருப்பதை நினைத்தால் இன்றும் எனக்குப் புல்லரிக்கிறது.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. ஒரு சரிவில் ஒரு லட்சம் விதை விழுகிறது, எலிகளால் பத்தாயிரம்தான் தின்ன முடியும் என்று வைத்துக்கொள்வோம். தொண்ணூறாயிரம் மிஞ்சும். அதே சரிவில் செடிகள் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்து, இருபதாயிரம் விதைதான் விழுந்தால்? சுற்றுப்புறத்து எலிகள் குறையவில்லையே, மிஞ்சுவது பத்தாயிரம். செடி ஐந்தில் ஒன்றாகிறது, விதையோ ஒன்பதில் ஒன்றாகிவிடுகிறது. கூட்டமே இந்தச் செடியின் கவசம். கூட்டம் மெலிந்தால், உயிரோடு நிற்கும் செடிகளுக்கும் பாதுகாப்பு போய்விடும்.

அதனால்தான் பூத்த கொத்தை ஒடித்துப் படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அந்தச் செடிக்கு அடுத்த வாய்ப்பே கிடையாது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திலும் இப்போது குறிஞ்சிக்கு இடம் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆய்வுத் திட்டங்களுக்குப் பெரும்பாலும் மூன்று ஆண்டுக்குத்தான் பணம் ஒதுக்குகிறார்கள். பன்னிரண்டு ஆண்டுச் செடியை மூன்றாண்டுப் பணத்தில் எப்படிப் படிப்பது? ஓர் ஆய்வாளர் தன் பணிக்காலம் முழுக்கக் காத்திருந்தாலும் ஒரே சரிவில் மூன்று பூப்பைத்தான் பார்ப்பார். குறிஞ்சிக்கென்று தனியாக, குறைந்தது இரண்டு பூப்புகளுக்கு நீளும் நிதி வேண்டும். அந்தப் பணம் இப்போதே வந்தால்தான் 2030-இல் எந்தச் சரிவில் எவ்வளவு விதை விழுந்தது, எவ்வளவு முளைத்தது என்று எண்ண ஆள் இருக்கும்.