முருகைக்கல் வந்த பையைத் திறந்து வைக்காதீர்கள்

நிலாவெளியிலிருந்து படகேறிப் புறாமலைக்குப் போய்த் தண்ணீருக்குள் தலையை விட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முருகைக்கல் (பவளம்) பெயரில்தான் கல், உண்மையில் அது உயிர். 2003 இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட அந்த இடத்தில் ஒரு விரலளவு துண்டைக்கூட உடைக்கக் கூடாது, இலங்கையில் வேறெங்குமே அதை உடைத்து எடுப்பது குற்றம்தான். ஆனால் இந்தோனேசியா போன்ற நாடுகளில் கடலுக்குள் தட்டு கட்டி வளர்த்த துண்டுகள், சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை) அனுமதிப் பத்திரத்தோடு, கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்காகப் பொலித்தீன் பையில் விமானம் ஏறுகின்றன. ஒரு நாளுக்கு மேல் இருட்டுக்குள், ஒரு கோப்பைத் தண்ணீரில் அது எப்படி உயிரோடு இருக்கிறது?

பை நமக்குப் புதிதல்ல. திருகோணமலையில் வண்ணமீன் கட்டுகிறவர்கள் செய்வதைப் போலத்தான்: மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஒட்சிசன், இறுக்கிக் கட்டி ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டிக்குள் வைப்பது. 27 பாகைச் சூட்டில் ஒரு லீற்றர் கடல்நீர் வைத்திருக்கக்கூடிய ஒட்சிசன் ஏறக்குறைய 6.5 மில்லிகிராம். அதே ஒரு லீற்றர் சாதாரணக் காற்றில் இருப்பது கிட்டத்தட்ட 270 மில்லிகிராம். அதனால் தண்ணீரைக் கூட்டி ஊற்றுவதால் பெரிய பயன் இல்லை, மேலே இருக்கிற வாயுதான் சேமிப்பு.

வெளிச்சத்தில் முருகைக்கல்லின் தசைக்குள் வாழும் நுண்பாசி ஒட்சிசன் செய்து கொடுக்கும், கழிவாக வரும் அமோனியாவையும் உரமாக இழுத்துக்கொள்ளும். பெட்டியை மூடியதும் ஒட்சிசன் தருவது நின்றுவிடும், அமோனியாவை இழுப்பதும் குறையும், பாசியும் சேர்ந்து ஒட்சிசனைச் செலவழிக்கத் தொடங்கும். அதோடு, கை பட்ட முருகைக்கல் வழுவழுவென்று சளி கக்கும். அந்தச் சளி பக்றீரியாவுக்கு நல்ல சாப்பாடு. பக்றீரியா பெருகினால் ஒட்சிசன் இறங்கும், அமோனியா ஏறும். ஆகவேதான் வெட்டிய துண்டை உடனே அனுப்பாமல், வெட்டுக்காயம் ஆறும்வரை வைத்திருந்து, கடைசி ஒரு நாளாவது தீனி கொடுக்காமல், அடியில் ஒட்டியிருக்கும் கடற்பஞ்சைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கட்ட வேண்டும். ஒரு சின்னக் கடற்பஞ்சு உள்ளே செத்துப்போனால் அந்தப் பைத் தண்ணீர் முழுக்க நாறிவிடும். மான்கொம்பு மாதிரிக் கிளை விட்டவற்றைச் சிறு ரெஜிபோம் துண்டில் செருகித் தலைகீழாக மிதக்க விடுவார்கள், தசை பையில் உரசாமல் இருப்பதற்கு.

இனித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. மூச்சில் வெளிவரும் காபனீரொட்சைட்டு கரைந்து தண்ணீரை அமிலப் பக்கம் தள்ளும். கடல்நீரின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு, இறங்க இறங்க அமிலம் கூடும்) 8.2 அளவில் இருக்கும், பைக்குள் அது மெல்ல மெல்ல இறங்கும். கேட்கப் பயமாக இருந்தாலும், பயண நேரத்துக்கு இதுவே ஒரு பாதுகாப்பு. அமோனியா தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கிறது: உயிரணுவுக்குள் சுலபமாக நுழைந்து கொல்லும் அமோனியா ஒன்று, அவ்வளவு நுழைய முடியாத அமோனியம் மற்றது. பிஎச் ஒரு அலகு இறங்கினால் நச்சு வடிவம் கிட்டத்தட்டப் பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடும். கழிவு சேர்ந்துகொண்டே போகும், ஆனால் நஞ்சு அடங்கிக் கிடக்கும்.

சரி, பையைத் திறந்தால்? காபனீரொட்சைட்டு வெளியே போகும், பிஎச் ஏறும், அடங்கிக் கிடந்த அமோனியம் அதே தண்ணீரில் நஞ்சாக மாறும். காற்றுக் குழாயை வேறு உள்ளே விட்டால் இது இன்னும் வேகமாக நடக்கும். பையைத் திறந்து மணிக்கணக்காகச் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீர் விட்டுப் பழக்கச் சொல்லும் அறிவுரையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. விமானத்தில் பிழைத்து வந்த உயிர், நல்லது செய்வதாக நினைத்தவர்களின் கையிலேயே சாகிறது.

மூடிய பையை அப்படியே தொட்டித் தண்ணீரில் 15, 20 நிமிடம் மிதக்க விட்டால் சூடு சமமாகிவிடும். தொட்டியின் உவர்ப்பை வரும் தண்ணீரின் அளவுக்கு முன்கூட்டியே சரிசெய்து வைத்திருப்பது நல்லது; அனுப்புகிறவரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். கொட்டியாரக் குடாவில் மகாவலி விழுகிற பக்கம் மாரி காலத்தில் உவர்ப்பு எவ்வளவு இறங்கும் என்று தெரிந்த நமக்கு, கடல்நீர் எல்லாம் ஒரே நீர் இல்லை என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்புறம் பையை வெட்டி, துண்டை மட்டும் எடுத்து, சுத்தமான கடல்நீரில் ஒருமுறை அலசி, வெளிச்சம் குறைத்த தொட்டிக்குள் வைக்க வேண்டும். பைத் தண்ணீரில் ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குள் போகக் கூடாது.