பாசிட்டிவ் என்று வந்திருக்கிறதா? எது பாசிட்டிவ்?

போன மாதம் ஓர் இளைஞர் வந்தார். வேலையில் சேர எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். எடுத்து நீட்டும்போதே கை நடுங்கியது.

"டாக்டர், ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ்னு வந்திருக்கு. வீட்ல இன்னும் சொல்லல."

பிரித்துப் பார்த்தேன். ஹெச்பிஎஸ்ஏஜி என்ற வரிக்கு நேரே நெகட்டிவ். அதற்குக் கீழே, ஆன்டி ஹெச்பிஎஸ் என்ற வரியில் பாசிட்டிவ், அளவு 240.

"தடுப்பூசி போட்டிருக்கீங்களா?"

"மூணு டோஸும் போட்டேன் டாக்டர். அப்புறமும் எப்படி வந்துச்சுன்னுதான் புரியல."

வரவே இல்லை. முதல் வரி, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியைத் தேடுவது, அது இல்லை. இரண்டாவது வரி, கிருமியை எதிர்க்கும் சக்தியைத் தேடுவது. அது 10 இருந்தாலே போதும், இவருக்கு 240 இருக்கிறது. மனிதர் நல்ல சேதியைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி தூங்காமல் கிடந்திருக்கிறார்.

பேச்சில் பாசிட்டிவ் என்றால் நல்லது, நம்பிக்கையானது. 'பாசிட்டிவா இரு' என்று ஆளாளுக்குச் சொல்கிறோம். ரிப்போர்ட்டில் அதே சொல்லைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கிறது. கொரோனா காலத்துக்குப் பிறகு இன்னும் கூடுதலாக. உண்மையில் ஆய்வகத்தில் அந்தச் சொல்லுக்கு நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. 'தேடியது இருக்கிறது', அவ்வளவுதான். எதைத் தேடினார்கள் என்று தெரியாமல் சந்தோஷப்படவும் முடியாது, அழவும் முடியாது.

மார்பகப் புற்றுநோய் ஃபைல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஈ.ஆர். பாசிட்டிவ் என்று இருந்தால், கட்டியின் செல்களில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனுக்கான ஏற்பிகள் இருக்கின்றன என்று பொருள். டமாக்சிஃபென் போன்ற ஹார்மோன் மருந்துகளுக்கு அது கட்டுப்பட வாய்ப்பு உண்டு, ஆகவே எங்களுக்குக் கொஞ்சம் நிம்மதி. அதே ஃபைலில், அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் ரிப்போர்ட்டில் மார்ஜின் பாசிட்டிவ் என்று இருந்தால், வெட்டியெடுத்த சதையின் விளிம்பு வரை புற்றுநோய் செல்கள் இருக்கின்றன. மறுபடி வெட்ட வேண்டி வரலாம். ஒரே சொல், இரண்டு பக்கம் தள்ளி.

ரத்த வகையில் வரும் நெகட்டிவைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும் உண்டு. ஆர்ஹெச் நெகட்டிவ் என்றால் சிவப்பணுவின் மேல் டி ஆன்டிஜென் என்ற ஒரு புரதம் இல்லை. நோயும் இல்லை, குறையும் இல்லை. ஆனால் கர்ப்பத்தில் கவனம் வேண்டும். தாய் நெகட்டிவாக இருந்து குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போடுவோம். அடுத்த குழந்தைக்கான பாதுகாப்பு அது.

சரி, கெட்டதைத் தேடிய டெஸ்ட்டிலேயே பாசிட்டிவ் வந்துவிட்டது. அப்போதாவது முடிவுக்கு வரலாமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 பேரில் ஒருவருக்கு இருக்கிற நோய். 99 சதவீதம் சரியாகச் சொல்கிற டெஸ்ட். 10,000 பேருக்கு எடுத்தால், நோயுள்ள 10 பேருக்கும் அநேகமாகப் பாசிட்டிவ் வரும். நோயில்லாத 9,990 பேரிலும் ஒரு சதவீதம், அதாவது சுமார் 100 பேருக்கு, தவறாகப் பாசிட்டிவ் வரும். ஆக, பாசிட்டிவ் வந்த 110 பேரில் நிஜமாக நோய் உள்ளவர்கள் பத்தே பேர். எச்.ஐ.வி. முதற்கட்ட சோதனையில் பல ஆய்வகங்கள் 'ரியாக்டிவ்' என்று மட்டும் போட்டுவிட்டு, உறுதிசெய்ய அடுத்த டெஸ்ட்டுக்கு அனுப்புவது இதனால்தான்.

நெகட்டிவையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. டெங்குவுக்கான என்எஸ்1 டெஸ்ட்டைக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் கழித்து எடுத்தால், டெங்கு இருந்தும் நெகட்டிவ் வரலாம். எந்த நாளில் எடுத்தது என்பதை நான் முதலில் கேட்பேன்.

அந்த இளைஞருக்கு இதையெல்லாம் சொல்லி முடித்தேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு ரிப்போர்ட்டைப் பழையபடி நான்காக மடித்தவர், கதவு வரை போய்த் திரும்பி வந்தார்.

"டாக்டர், இதுல நெகட்டிவ்னு மாத்தித் தரச் சொல்ல முடியுமா? வீட்ல பார்த்தா பயந்துடுவாங்க."

ரிப்போர்ட்டை வாங்கி, அந்த வரிக்குப் பக்கத்தில் 'தடுப்பூசி வேலை செய்திருக்கிறது' என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.