அரசு மருத்துவமனையில் பிரசவம்: எதற்கெல்லாம் காசு கொடுக்க வேண்டியதில்லை

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனையில் பிரசவம் பார்க்கும் பல குடும்பங்கள் இரண்டு திட்டங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கின்றன. ஒன்று, எல்லாருக்கும் தெரிந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி. இன்னொன்று, பெயரைக்கூடப் பலர் கேள்விப்பட்டிராத ஜனனி சிசு சுரக்ஷா காரியக்கிரமம். முதலாவதற்கு நிபந்தனைகள் உண்டு: தாய்க்கு 19 வயது நிரம்பியிருக்க வேண்டும், வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பமாக இருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும். இரண்டாவதற்கு இந்த நிபந்தனை எதுவுமே இல்லை. அரசு மருத்துவமனைக்குப் பிரசவத்துக்கு வருகிற எல்லாப் பெண்களுக்கும் அது பொருந்தும். இந்த வித்தியாசம் தெரியாததால்தான், "மூணாவது பிரசவம், நமக்கு ஒண்ணும் கிடைக்காது" என்று முடிவுகட்டி, கேட்ட இடத்திலெல்லாம் பர்ஸைத் திறக்கிறார்கள்.

இரண்டாவது திட்டம் 2011 ஜூன் 1 அன்று தொடங்கியது. அதன்படி சுகப்பிரசவமோ சிசேரியனோ, கட்டணம் கிடையாது. மருந்து, ஊசி, குளுக்கோஸ், கையுறை, தையல் நூல் எதற்கும் காசில்லை. இரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை, ஸ்கேன் இலவசம். இரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் அதற்கும் கட்டணம் இல்லை. சுகப்பிரசவம் என்றால் 3 நாள், சிசேரியன் என்றால் 7 நாள் வரை தாய்க்குச் சாப்பாடு மருத்துவமனையே தர வேண்டும். "இந்த மருந்து ஸ்டாக் இல்ல, வெளியில வாங்கிட்டு வாங்க" என்று துண்டுச்சீட்டு கொடுத்தால், வாங்க ஓடுவதற்கு முன் பணியில் உள்ள மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மருந்தைத் தருவிக்க வேண்டியது மருத்துவமனையின் பொறுப்பு. அவசரத்துக்கு நீங்களே வாங்கும்படி ஆனால் சீட்டையும் பில்லையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அவை இல்லாமல் புகார் நிற்காது.

பயணச் செலவும் இதில் அடக்கம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வலி எடுத்ததும் 108-ஐக் கூப்பிடுவது எல்லாருக்கும் பழக்கம். முதலில் சேர்ந்த மருத்துவமனையிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினால் அந்தப் பயணமும் இலவசம். டிஸ்சார்ஜ் ஆகி வீடு திரும்பும்போதுதான் கோட்டை விடுகிறோம். பச்சை உடம்புக்காரியையும் துணியில் சுற்றிய குழந்தையையும் வைத்துக்கொண்டு, வாசலில் நிற்கும் ஆட்டோவிடம் பேரம் பேச வேண்டியதில்லை. வீட்டில் கொண்டுபோய் விடுவதற்கென்றே 102 தாய் சேய் வாகனம் இருக்கிறது. டிஸ்சார்ஜ் சீட்டு எழுதும்போதே வார்டு செவிலியரிடம் "102 வண்டிக்குச் சொல்லிடுங்க சிஸ்டர்" என்று சொல்லிவிடுங்கள். வண்டி ஒரே நடையில் இரண்டு மூன்று தாய்மார்களை ஏற்றிக்கொண்டு போகலாம், கொஞ்சம் காத்திருக்க நேரலாம். ஆனால் பைசா செலவில்லை.

குழந்தைக்கும் இதே உரிமை உண்டு. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை, மூச்சுத்திணறல், எடைக்குறைவு என்று தீவிர சிகிச்சைப் பிரிவில் வைக்க நேர்ந்தால் அதற்கும் கட்டணம் இல்லை. ஆரம்பத்தில் 30 நாள் வரை என்று இருந்தது, பிறகு ஒரு வயது வரை என நீட்டித்தார்கள். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றதும் நகையை அடகுவைத்துத் தனியார் மருத்துவமனைக்கு ஓடுகிற குடும்பங்களுக்கு இதை அவசியம் சொல்ல வேண்டும்.

இனி, சங்கடமான விஷயம். பிரசவ அறைக் கதவு திறந்ததும் "ஆம்பளப் புள்ள பொறந்திருக்கு, சந்தோஷமா ஏதாச்சும் குடுங்க" என்று கை நீளும். பெண் என்றால் தொகை கொஞ்சம் குறையும். குழந்தையைக் கண்ணில் காட்டுவதற்கே காசு என்பது அப்பட்டமான லஞ்சம், அதைச் சந்தோஷக் காசு என்று சொல்லிச் சமாதானம் அடைய வேண்டாம். கொடுக்க மறுத்தால் உள்ளே இருக்கும் பெண்ணைச் சரியாகக் கவனிக்க மாட்டார்களோ என்ற பயம்தான் எல்லாரையும் கொடுக்க வைக்கிறது. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அவளுடன் ஒரு பெண் துணை உள்ளே இருந்தால் பாதிப் பயம் போய்விடும். பிரசவ நேரத்தில் அம்மாவோ மாமியாரோ அக்காவோ ஒருவர் உடனிருக்கத் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் அனுமதி உண்டு. பிள்ளை பெற்ற அனுபவம் உள்ளவராக இருந்தால் நல்லது. யார் போவது என்று வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். புகார் சொல்ல நிலைய மருத்துவ அலுவலர் இருக்கிறார், 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது.

இப்போது பணம் வரும் திட்டத்துக்கு வருவோம். முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 வங்கிக் கணக்கில் வரும், மீதி 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். மத்திய அரசின் மாத்ரு வந்தனா உதவியும் தமிழ்நாட்டில் இதோடு இணைத்தே தரப்படுகிறது. முன்பு ஐந்து தவணையாக இருந்ததை 2024-இல் மூன்றாகக் குறைத்தார்கள்: கர்ப்பத்தின் 4-ஆம் மாதம் 6,000, குழந்தையின் 4-ஆம் மாதம் 6,000, 9-ஆம் மாதம் 2,000. கடைசி இரண்டு தவணைகளும் தடுப்பூசிகளை ஒட்டி வருபவை. ஊசி போட்டும் பதிவில் ஏறாமல் போனால் பணம் நின்றுபோகும்.

பணம் வராமல் இழுத்தடிப்பதற்குப் பெரும்பாலும் பெயர்ப் பிரச்சினைதான் காரணம். ஆதாரில் அப்பா பெயரின் இனிஷியல், கல்யாணத்துக்குப் பிறகு திறந்த வங்கிக் கணக்கில் கணவர் பெயர் என்று இரண்டும் இரண்டு விதமாக இருக்கும். கணக்கு தாயின் பெயரில் இருக்க வேண்டும், ஆதாருடன் இணைந்திருக்க வேண்டும். நாள் தள்ளிப்போனது உறுதியானதுமே இதைச் சரிசெய்துவிட்டால் பிறகு அலைய வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒரு பதிவு எண். 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடமோ, நகரமென்றால் நகர்ப்புற செவிலியரிடமோ பதிந்தால் 12 இலக்க ஆர்சிஹெச் எண் கிடைக்கும். பழக்கத்தில் இதைப் பிக்மி நம்பர் என்பார்கள். தனியார் மருத்துவமனையில் பார்க்கப் போகிறவர்களுக்கும் இது வேண்டும், ஏனென்றால் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வாங்க இந்த எண்ணைக் கேட்பார்கள். தாய் சேய் நல அட்டையில் எழுதித் தருவார்கள். அட்டை தொலைந்தாலும் எண் தொலையாமலிருக்க ஒரு போட்டோ எடுத்து அம்மாவுக்கும் கணவருக்கும் அனுப்பி வையுங்கள்.

நம் பக்கத்தில் வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். பதிந்தது மாமியார் ஊரில், பிள்ளை பெறுவது அம்மா ஊரில். இங்கேதான் நிறையப் பேருக்குக் கணக்குப் பிசகுகிறது. புதிதாக இன்னொரு முறை பதியக் கூடாது, அதே எண்தான் கடைசி வரை. கிளம்பும் முன் இந்த ஊர் செவிலியரிடம் சொல்லிவிட்டு, போய்ச் சேர்ந்ததும் அட்டையோடு அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஆளைக் காட்டிவிட வேண்டும். பெரும்பாலான நிலையங்களில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கு, புதன்கிழமை தடுப்பூசிக்கு. இரத்த அழுத்தம், சர்க்கரை, இரத்தசோகை என்று ஏதாவது சிக்கல் உள்ளவர்கள் மாதா மாதம் 9-ஆம் தேதி நடக்கும் சிறப்பு முகாமைத் தவறவிடாதீர்கள், அன்றைக்கு மகப்பேறு மருத்துவர் பார்ப்பார்.

குழந்தை பிறந்ததும் பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி), போலியோ சொட்டு மருந்து, 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி (கல்லீரல் தொற்றுத் தடுப்பூசி) ஆகிய மூன்றும் மருத்துவமனையிலேயே போடப்படும். டிஸ்சார்ஜுக்கு முன் அட்டையில் மூன்றுக்கும் தேதி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்கச் சொல்வார்கள். சேனை வைக்கிறேன் என்று பெரியவர்கள் சர்க்கரைத் தண்ணீரோடு வந்தால், "டாக்டர் வேண்டாம்னு சொல்லிட்டாங்க அத்தை" என்று மருத்துவர்மேல் பழியைப் போட்டாவது தடுத்துவிடுங்கள்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. மருத்துவமனைப் பிரசவம் என்றால் அவர்களே பதிவுக்கு அனுப்பிவிடுவார்கள், அப்பா அம்மா பெயரின் எழுத்துகள் ஆதாரில் உள்ளபடி இருக்கின்றனவா என்று படிவத்தில் சரிபார்ப்பது மட்டும் உங்கள் வேலை. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம், பிற்பாடு வேறு காகிதத்தைக் காட்டிச் சமாளிக்க முடியாது. பெயர் வைக்கவில்லையே என்று பதிவைத் தள்ளிப்போட வேண்டாம். பெயரில்லாமலே பதியலாம். 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம், அதற்குப் பிறகு கட்டணம் கட்டி 15 வருடம் வரை சேர்க்கலாம்.