கொஞ்சம் வழுக்கினால்தான் பிடிக்கும்

அக்கா மகன் சென்னைக்குப் பக்கத்திலுள்ள இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் வண்டி ஓட்டிவிட்டு வந்த மறுநாள், காலையிலேயே சேலத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்றான். 390 சிசி பைக். பின் டயரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னான். நோட்டில் அழித்துத் தள்ளிய ரப்பர் துகள் மாதிரி ஓரமெல்லாம் சுருள் சுருளாக ஒட்டிக்கொண்டிருந்தது. நடுநடுவே பொடிக்கல்.

“மாமா, பச்சை லைட் விழுந்ததும் செம புகை. எல்லாரும் விசில் அடிச்சாங்க. ஆனா பக்கத்துல நின்ன 200 சிசி முன்னாடி போயிடுச்சு.”

அந்தப் புகையில்தான் அவன் தோற்றான்.

அவன் ஓடியது டிராக் ரேஸ் (drag race). அது கால் மைல், அதாவது 402 மீட்டர் நேர்கோட்டு ஓட்டம். எஞ்சின் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ரோட்டைத் தள்ளுவது டயர்தான். காய்ந்த தார் ரோட்டில் சாதாரண டயரின் உராய்வுக் குணகம் (சக்கரத்தின் மேலுள்ள எடையில் எவ்வளவு பங்கு பிடியாகக் கிடைக்கும் என்ற எண்) ஏறக்குறைய 0.8 முதல் 1 வரை இருக்கும். தாராளமாக 1 என்றே வைத்துக்கொள்வோம். வண்டியின் மொத்த எடையும் ரோட்டைத் தள்ளும் சக்கரத்தின் மேலேயே விழுந்தாலும், முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கமான 9.8-ஐத் தாண்டாது. பள்ளிக்கூடச் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: 402 மீட்டரைக் கடக்க 9.06 வினாடி ஆகும். ஆயிரம் குதிரைத்திறன் இருந்தாலும் அதற்குக் கீழே வர வழியில்லை.

ஆனால் வந்திருக்கிறார்கள். 2021-ல் ரிமாக் நெவேரா என்ற மின்சாரக் கார், ரோட்டில் ஓட்டும் டயரை வைத்துக்கொண்டே 8.58 வினாடியில் கடந்தது. டிராக் ரேஸுக்கென்றே கட்டும் டாப் ஃபியூல் வண்டிகள் நாலரை வினாடிக்குள்ளேயே கால் மைலை முடித்திருக்கின்றன. கணக்கில் தப்பில்லை. குணகம் 1-ல் நின்றுவிடும் என்று நினைத்ததுதான் தப்பு.

உராய்வு, தொடும் பரப்பைப் பொறுத்ததல்ல என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அது 1699-ல் பிரான்ஸின் அமோன்டன் சொன்ன விதி. மரத்துக்கும் இரும்புக்கும் பெரும்பாலும் பொருந்தும். ரப்பர் அதற்கு அடங்காது. தார் ரோட்டைக் கையால் தடவிப் பாருங்கள், ஜல்லி முனைகள் நெருடும். டயர் அந்த முனைகளின் மேல் படியும்போது இரண்டு வேலை நடக்கிறது. ரப்பரின் மூலக்கூறுகள் கல்லோடு நெருங்கி ஒரு கணம் ஒட்டுகின்றன, பிய்கின்றன, அடுத்த இடத்தில் ஒட்டுகின்றன. கூடவே, ஒவ்வொரு முனையும் ரப்பரைக் குழியாக்குகிறது. குழிந்த ரப்பர் உடனே பழைய நிலைக்குத் திரும்புவதில்லை, சோம்பலாகத்தான் திரும்புகிறது. அந்தச் சோம்பலில் வீணாகும் ஆற்றல் வெப்பமாகப் போகிறது, அதுவே வழுக்குவதைத் தடுக்கும் விசையாகவும் ஆகிறது. மழையில் தண்ணீர் நடுவே புகுந்து ஒட்டுதலைக் கெடுத்துவிடும். அப்போது வண்டியைப் பிடித்து நிறுத்துவதில் பெரும்பங்கு இந்த இரண்டாவது வேலைக்குத்தான்.

இனி வருவதைத்தான் அவனுக்குப் புரிய வைக்க நேரமானது. மேசையிலிருந்த அழிப்பான் ரப்பரை எடுத்துத் தாளில் அழுத்தி மெதுவாக இழுக்கச் சொன்னேன். ரப்பர் உடனே நகரவில்லை. முதலில் சாய்ந்து வளைந்தது. மேல்பக்கம் முன்னே வந்தும் அடிப்பக்கம் அங்கேயே நின்றது. இன்னும் இழுத்ததும் சர்ரென்று வழுக்கியது. டயரும் இப்படித்தான். ரோட்டைத் தொடும் இடத்தின் முன்பக்கத்தில் நுழையும் ரப்பர் வளையத் தொடங்குகிறது, பின்பக்கம் போகப்போக முழுக்க வளைந்து, கடைசியில் கொஞ்சம் வழுக்கிவிட்டுக் கிளம்புகிறது. ஆக, விசை வேண்டுமென்றால் சக்கரம் வண்டியைவிடச் சற்று வேகமாகச் சுற்றியே ஆக வேண்டும். வழக்கமாக 10 முதல் 20 சதவீதம் வரை அதிகம் சுற்றும்போதுதான் பிடி உச்சத்தில் இருக்கும். துளிகூட வழுக்காத சக்கரம் துளிகூடத் தள்ளாது. உச்சத்தைத் தாண்டினால் பிடி சரிகிறது, சக்கரம் இன்னும் வேகமாகச் சுற்றுகிறது, ரப்பர் கருகுகிறது. விசில் கிடைக்கும். 200 சிசி பையன் கிளட்சைப் பதமாக விட்டு அந்த உச்சத்துக்குப் பக்கத்திலேயே இருந்திருப்பான், அவ்வளவுதான்.

அடுத்தது காத்து. பைக்கின் பின் சக்கரத்தின் மேல் ஆளோடு சேர்த்து 120 கிலோ இருக்கிறது என்போம். காற்றழுத்தம் 30 பிஎஸ்ஐ என்றால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.1 கிலோ. வகுத்தால் டயர் ரோட்டைத் தொடும் பரப்பு 57 சதுர சென்டிமீட்டர், அதாவது சீட்டுக்கட்டில் ஒரு சீட்டின் அளவு. அந்த ஒரு சீட்டின் மேல்தான் அத்தனை ஆட்டமும். 20 பிஎஸ்ஐக்கு இறக்கினால் ஒன்றரைச் சீட்டு. (டயரின் பக்கச் சுவரும் கொஞ்சம் எடை தாங்குவதால் நிஜத்தில் வித்தியாசம் இதைவிடக் குறைவு.) ரப்பரை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு அதன் குணகம் குறையும். அதனால் அதே எடையைப் பரப்பி வைத்தால் பிடி கூடும். இதற்காகத்தான் டிராக் ரேஸ் வண்டிகளின் பட்டன் இல்லாத வழவழ டயர்களில் மிகக் குறைந்த காத்து. ரோட்டு டயரில் அந்த அளவுக்குப் போகக் கூடாது. பக்கச் சுவர் மடங்கும், வண்டி பாம்பு மாதிரி நெளியும், ட்யூப்லெஸ் டயர் ரிம்மிலிருந்து நழுவவும் கூடும். இரண்டிரண்டு பிஎஸ்ஐயாக இறக்கி, ஓட்டிப் பார்த்து, எது நல்ல நேரம் தருகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். சேலத்து வெயிலில் இன்னொன்றும் உண்டு. காற்று 10 டிகிரி சூடானால் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும். காலையில் பார்த்த அளவு மத்தியானம் செல்லாது.

டிராக்கில் கிளம்புமுன் டயரைச் சுழற்றிப் புகைவிடுவதைப் பார்த்து இவனும் செய்திருக்கிறான். அந்த வழவழ டயரின் ரப்பர் சூடேறினால்தான் பிசுபிசுக்கும். பல வருடம் உழைக்கச் செய்த ரோட்டு டயர் அதே சூட்டில் மேல்பரப்பு இளகி வழுக்கும். தூசியும் கல்லும் உதிர ஒரு சின்னச் சுழற்சி போதும். புகைவிடுவதற்காகத் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கும் இடத்துக்குள் ரோட்டு டயரோடு போகவே கூடாது. டயர் பட்டன்களின் இடுக்கில் நிற்கும் நீர், கிளம்பும் இடம்வரை சொட்டிக்கொண்டே வரும். பெரிய டிராக்குகளில் தரையிலேயே பிசின் தெளிப்பார்கள், செருப்பு ஒட்டிக் கழன்றுவிடும். குணகம் 1-ஐத் தாண்டுவதில் பாதிப் புண்ணியம் அந்தத் தரைக்குத்தான்.

எடை விஷயத்தைச் சொல்ல டிராக் வேண்டாம், ஏற்காடு மலைப்பாதையே போதும். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். சாரல் நாளில் ஏதாவது ஒரு வளைவில் நின்று பாருங்கள். நாலு பேரோடும் டிக்கி நிறையப் பையோடும் வரும் சின்னக் கார், வளைவில் வேகம் செத்து, முதல் கியரில் மிதித்ததும் ‘கிர்ர்’ என்று ஒரு சக்கரம் மட்டும் சுற்றும். இப்போதைய சின்னக் கார்களில் பெரும்பாலும் முன் சக்கரம்தான் இழுக்கிறது. முடுக்கும்போது எடை பின்னால் சாய்கிறது, ஏற்றமும் டிக்கி சுமையும் சேர்ந்துகொள்கின்றன. இழுக்க வேண்டிய சக்கரம் லேசாகிறது. வளைவில் உள்பக்கச் சக்கரம் இன்னும் லேசு. எஞ்சின் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் என்ற பாகம் இரண்டு சக்கரத்துக்கும் சம விசைதான் தரும், அதுவும் எது பலவீனமோ அதன் அளவுக்குத்தான். பின்னாலேயே வரும் அரசு பஸ்ஸோ முனகிக்கொண்டு ஏறிவிடும். அதற்குத் தள்ளுவது பின் சக்கரம், ஏற ஏற எடை அதன் மேலேதான் உட்காரும்.

பைக்கிலும் கிளம்பும்போது எடை பின்னால்தான் போகிறது, பிடிக்கு நல்லது. ஆனால் அளவு மீறினால் முன் சக்கரம் தூக்கும். அதனால்தான் பெட்ரோல் தொட்டியின் மேல் படுத்தபடி கிளம்புகிறார்கள்.

மொட்டை டயர் நன்றாகப் பிடிக்குமாமே என்று கேட்டான். காய்ந்த தரையில் அதில் கொஞ்சம் உண்மை உண்டு, உயரமில்லாத பட்டன் நெளிவதில்லை. முதல் மழையில் அந்த உண்மை காலை வாரிவிடும். பழைய டயர் வேறு கதை. பக்கச் சுவரில் நாலு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. வருடம் ஏற ஏற ரப்பர் இறுகும், நகம் வைத்தாலே தெரியும். அவன் டயரில் 1418.

இதையெல்லாம் பைபாஸில் ராத்திரி சோதித்துப் பார்க்கிறேன் என்றான். வாயை மூடு என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு ஏற்காடு கிளம்பினான். கோரிமேட்டில் பஞ்சர் கடையில் நிறுத்தி காத்து பார்க்கச் சொல்லியிருந்தேன். கடைக்காரர் கேஜை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாராம்.

“ஏந்தம்பி, பின்னாடி இருபதுதான் இருக்குது. இதோடயா இத்தனை நாளா ஓட்டிட்டிருந்தீங்க?”