சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு: டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில் லீக்கைக் கண்டுபிடிப்பது எப்படி?

4 வீல் டிரைவ் வண்டியில், பெரும்பாலும் கியர்பாக்ஸுக்குப் பின்னால் ஒட்டியபடி, ஒரு உலோகப் பெட்டி இருக்கும். எஞ்சினிலிருந்து கியர்பாக்ஸ் வழியாக வரும் சுழற்சியை முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் அதுதான். பல வண்டிகளில் இதற்குள் இருக்கும் ஆயில் 1 லிட்டருக்கும் 2 லிட்டருக்கும் இடையில்தான். எஞ்சினில் ஆயில் குறைந்தால் எச்சரிக்க விளக்கு உண்டு. இதில் ஆயில் குறைந்தால் எச்சரிக்கப் பொதுவாக எதுவும் கிடையாது. உள்ளே செயினோ பேரிங்கோ இரைய ஆரம்பித்த பிறகுதான் பலருக்கு விஷயம் தெரிய வருகிறது. அதனால் இங்கே தெரியும் சின்ன ஈரத்தையும் அலட்சியப்படுத்தக் கூடாது என்பேன்.

ஆனால் அவசரப்பட்டு ஈரமாக இருக்கும் சீலை, அதாவது சுழலும் தண்டைச் (ஷாஃப்ட்டை) சுற்றி ஆயிலை அடைத்து நிறுத்தும் ரப்பர் வளையத்தை, மாற்றுவதும் தீர்வாகாது. ஆயில் எங்கிருந்து வருகிறது, ஏன் வருகிறது என்று இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பலர் முதல் கேள்வியோடு நின்றுவிடுவதால்தான் புது சீல் போட்ட சில மாதங்களிலேயே அதே இடம் மறுபடியும் நனைகிறது.

முதலில் அது டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில்தானா என்று உறுதி செய்ய வேண்டும். வண்டி ஓடும்போது அடியில் வீசும் காற்று எஞ்சின் ஆயிலையும் கியர்பாக்ஸ் ஆயிலையும் பின்னோக்கித் தள்ளி, டிரான்ஸ்ஃபர் கேஸ் மேல் பூசிவிடும். ஒரு வெள்ளை அட்டையை அடியில் வைத்து, சொட்டை அதில் பிடித்துப் பாருங்கள். பல செயின் வகை கேஸ்களில் ஊற்றுவது ஏடிஎஃப் எனப்படும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில். புதிதில் சிவப்பு, பழசானால் பழுப்பு. கியர் வகைகள் பலவற்றில் 75டபிள்யூ-90 போன்ற கெட்டியான கியர் ஆயில். தேன் நிறம், மூக்கைச் சுளிக்க வைக்கும் கந்தக வாடை. கறுப்பாக இருந்தால் எஞ்சினைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள வண்டியில் கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டிலுமே ஏடிஎஃப் இருக்கலாம் என்பதால், அங்கே நிறத்தை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது.

அடுத்த வேலை சுத்தம் செய்வது. அலுப்பான வேலைதான், ஆனால் இதைத் தவிர்த்துச் செய்யும் எந்தச் சோதனையும் ஊகம்தான். டீகிரீஸர் போட்டுக் கழுவி, முழுக்க உலர்த்தி, சந்தேகமான இணைப்புகளில் டால்கம் பவுடர் தூவிவிட்டு, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், வெள்ளைப் பரப்பில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறது என்று தெரியும். ஆயில் கீழேயும் பின்னேயும் நகரும். ஆகவே நனைந்திருக்கும் இடங்களில் மிக உயரத்திலும் மிக முன்னாலும் இருப்பதே ஊற்றுக்கண். அப்படியும் பிடிபடாவிட்டால், ஆயிலில் புற ஊதா சாயம் கலந்து, அதற்கான விளக்கை அடித்துப் பார்த்தால் கசியும் இடம் பளிச்சென்று ஒளிரும்.

அடியில் படுப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால், கியர்பாக்ஸை பார்க்கில் போட்டிருந்தாலும் வண்டி உருளும். சக்கரங்களுக்குக் கட்டை வைக்காமல், ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே போகவே போகாதீர்கள்.

வழக்கமாகக் கசியும் இடங்களில் முன், பின் சக்கரங்களை நோக்கிச் சுழற்சி வெளியேறும் அவுட்புட் ஷாஃப்ட்களின் சீல்கள் முக்கியமானவை. சீல் விட்டால், சுழலும் ஷாஃப்ட் ஆயிலை விசிறியடிக்கும். வண்டியின் அடித்தகட்டில் ஷாஃப்ட்டுக்கு நேர் மேலே ஒரு பட்டைபோலத் தெறிப்பு விழுந்திருக்கும். கேஸின் இரு பாதிகள் சேரும் விளிம்பு, ஷிஃப்ட் ஷாஃப்ட் சீல், ஸ்பீடு சென்சாரின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்), ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக் ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும். பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர், டிஸ்கவரி வண்டிகளில் ஹேண்ட்பிரேக் டிரம் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின் அவுட்புட்டில்தான் இருக்கிறது. அங்கே சீல் கசிந்தால் ஆயில் டிரம்முக்குள் போய், ஹேண்ட்பிரேக் பிடிக்காமல் போகும்.

சரி, இடம் தெரிந்துவிட்டது. சீல் ஏன் விட்டது?

ஆயில் சீலின் ரப்பர் உதட்டை ஒரு சுருள் கம்பி ஷாஃப்ட்டோடு அணைத்துப் பிடிக்கிறது. இரண்டுக்கும் நடுவே மைக்ரான் கணக்கில் மெல்லிய ஆயில் படலம் நிற்கும். அது இல்லாவிட்டால் ரப்பர் கருகிவிடும், தடித்தால் கசியும். கியர்பாக்ஸ் வேகத்தை மாற்றாத நேரடி கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 2500 சுற்று சுற்றினால், பல வண்டிகளில் ஹை ரேஞ்சில் (டிரான்ஸ்ஃபர் கேஸின் சாதாரண ஓட்டத்துக்கான நிலையில்) பின் ஷாஃப்ட்டும் அதே 2500 சுற்று சுற்றும். வருடக்கணக்கில் இப்படி உரசும்போது, உதட்டில் ஒட்டிய தூசு மணல்காகிதமாக மாறி எஃகு ஷாஃப்ட்டிலேயே பள்ளம் போட்டுவிடும். நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்படும் பள்ளத்தில் புது சீலின் உதடும் சரியாகப் படியாது. மெல்லிய உலோக உறை ஒன்றை ஷாஃப்ட் மேல் ஏற்றிய பிறகுதான் சீல் நிற்கும். அதேபோல, பேரிங் தேய்ந்து ஷாஃப்ட் மேலும் கீழும் ஆடினால், அந்த ஆட்டத்துக்கு ஈடுகொடுக்க எந்த ரப்பராலும் முடியாது. சீலைக் கழற்றும் முன் ஷாஃப்ட்டைக் கையால் அசைத்துப் பார்த்துவிடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த காரணம் ப்ரீதர்தான், ஏனென்றால் பள்ளிக்கூட இயற்பியலே அதை விளக்கிவிடும். மூடிய பெட்டிக்குள் காற்று 20 டிகிரி செல்சியஸிலிருந்து 100 டிகிரிக்குச் சூடானால் அழுத்தம் ஏறக்குறைய 27 சதவீதம் கூடும். அதை வெளியே விடத்தான் மேலே ப்ரீதர் என்ற சின்ன மூச்சுக்குழாய். அது சேற்றில் அடைபட்டால் அழுத்தம் முழுக்க சீல்கள் மேல் விழும். இரு பக்கமும் ஏறக்குறைய சமமான அழுத்தம் இருக்கும் என்ற கணக்கில் செய்யப்பட்ட சீல், ஆயிலை வெளியே விட்டுவிடும். இதன் மறுபக்கம் இன்னும் மோசம். சூடான கேஸ் ஆற்றுத் தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியே தண்ணீரை உறிஞ்சும். வடித்த ஆயில் பால் கலந்ததுபோல் வந்தால் இதுதான் நடந்திருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சீல்கள் கசிந்தால், எல்லாவற்றுக்கும் முன் ப்ரீதரை ஊதிப் பார்க்க வேண்டும்.

தரையில் ஒரு சொட்டுகூட விழாமல் அளவு மட்டும் குறைவதும் உண்டு. கியர்பாக்ஸோடு நேரடியாக இணைந்த கேஸ்களில், நடுவில் உள்ள இன்புட் சீல் விட்டால் ஆயில் ஒன்றிலிருந்து மற்றதற்கு உள்ளுக்குள்ளேயே இடம் மாறும். இரண்டின் அளவையும் சேர்த்துப் பார்த்தால், ஒன்று குறைந்து மற்றது கூடியிருப்பது தெரியும். ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்புகளில் வந்த என்பி246 போன்ற கேஸ்களில் வேறொரு சிக்கல்: உள்ளே இருக்கும் ஆயில் பம்ப் அதிர்ந்து அதிர்ந்து, மென்மையான மக்னீசியக் கேஸின் பின்பாதியில் ஊசித்துளை போட்டுவிடும். துளை ஆயில் மட்டத்துக்கு மேலே இருப்பதால் நிறுத்தி வைத்த வண்டி சொட்டாது. ஓடும்போது மட்டும் ஆயில் வெளியே தெறிக்கும். இங்கே சீல் மாற்றிப் பயனே இல்லை.

பழுது பார்த்த பிறகு, ஆயிலை வடிப்பதாக இருந்தால் முதலில் ஆயில் ஊற்றும் துளையை மூடும் ஃபில்லர் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். அது இறுகிப்போயிருந்தால், வடித்துவிட்டு நிரப்ப வழியில்லாமல் வண்டி அங்கேயே நிற்கும். டிரெயின் பிளக்கில் காந்தம் இருந்தால், அதில் சாம்பல் நிறப் பசை படிந்திருப்பது இயல்பு. உலோகச் சில்லுகள் இருந்தால் கேஸைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, கையேட்டில் சொன்ன வகை ஆயிலை, பெரும்பாலான கேஸ்களில் ஃபில்லர் துளையின் கீழ்விளிம்பு வரை ஊற்ற வேண்டும். அதற்கு மேல் ஊற்றினால் ஆயில் நுரைத்து ப்ரீதர் வழியே வழியும். அப்புறம் அதையும் லீக் என்று நினைத்துத் தேட வேண்டியிருக்கும்.