நிலநடுக்கக் கணக்கில் வராத தமாங் வரலாறு

2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் நேர்ந்த நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். அவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர், நேபாள மலைப்பகுதியில் வாழும் இனக்குழுவினரான தமாங் மக்கள். 2011 கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகையில் அவர்கள் 5.8 சதவீதம்தான். களஆய்வு வகுப்பில் இந்த இரண்டு எண்களையும் வைத்துக் காரணம் கேட்பேன். செங்குத்தான மலைச்சரிவு, மண் பூசிய கல்வீடு, பக்கத்திலேயே நிலநடுக்க மையம் என்பார்கள் மாணவர்கள். எல்லாம் சரிதான். ஆனால் காத்மாண்டுவைச் சுற்றியே, நுவாகோட்டிலும் ரசுவாவிலும் சிந்துபால்சோக்கிலும் வாழும் ஒரு மக்கள் ஏன் இத்தனை வறுமையில் இருந்தார்கள்? இதற்குப் பேரிடர்க் கணக்கெடுப்புப் படிவத்தில் விடை கிடைக்காது.

1854-இல் வந்த, மக்களைச் சாதிவாரியாகப் பிரித்த நேபாளச் சட்டத்தொகுப்பான முலுகி ஐன் இவர்களை மது அருந்தும் சாதிகளில், அதுவும் அடிமையாக்கப்படக்கூடியவர்கள் என்ற பிரிவில் வைத்தது. தலைநகருக்கு அருகில் இருந்ததால் அரசுக்குச் சுமை தூக்கவும் மற்ற வேலைகளுக்கும் கூலியின்றிப் போக வேண்டியிருந்தது. சொந்த வயலில் நாற்று நடவேண்டிய நேரத்தில் ஆள் இல்லை என்றால் அந்த வீடு எப்படிக் கரையேறும்? 1951-இல், பரம்பரைப் பிரதமர்களாக நாட்டை ஆண்ட ராணா குடும்பத்தின் ஆட்சி வீழ்ந்த பிறகும் இந்தக் கட்டாய வேலை உடனே ஓய்ந்துவிடவில்லை.

இதையெல்லாம் ஊரார் வாயாலேயே கேட்டுப் பதிவு செய்தவர்களில் மானிடவியலாளர்களான டேவிட் ஹோம்பெர்க், கேத்ரின் மார்ச் இருவரும் முக்கியமானவர்கள். 1970களின் நடுவில் மேற்குத் தமாங் ஊர் ஒன்றில் தங்கத் தொடங்கி, பத்தாண்டுகள் கணக்கில் திரும்பத் திரும்பப் போனவர்கள். ஹோம்பெர்க்கின் முதல் பெரிய நூல் சடங்குகளைப் பற்றியது: பௌத்தச் சடங்கு செய்யும் லாமா, ஆவிகளை அழைக்கும் பொம்போ, பலி கொடுக்கும் லம்பு என மூன்று வகைச் சடங்காளர்கள் ஒரே சமூகத்தில் எப்படி இயங்குகிறார்கள் என்று அது ஆராய்ந்தது. கட்டாய உழைப்பு பற்றிய விரிவான ஆய்வு 1999-இல்தான் வெளிவந்தது. அதிகாரம் செய்தவர்களின் வாரிசுகள் இன்னும் பக்கத்தில் இருக்கும்போது, யாரென்றே தெரியாத ஒருவரிடம் இதையெல்லாம் எந்தப் பெரியவர் வாய்விட்டுப் பேசுவார்? கேத்ரின் மார்ச் 1970களில் பதிவு செய்த பெண்களின் வாழ்க்கைக் கதைகளும் பாடல்களும் நூலாக வந்தது 2002-இல். இன்றைய ஆய்வு நிதி விதிகளில் இப்படி ஓர் இடைவெளிக்கு இடமே கிடையாது. எனக்கு இது மிகவும் வருத்தம் தருகிறது.

மூன்று வார அவசரக் களஆய்வுப் பயணத்தில் எது விட்டுப்போகும் என்று யோசித்துப் பாருங்கள். ரசுவா போன்ற இடங்களில் குடும்பத்தில் சிலர் கால்நடைகளோடு மேட்டு மேய்ச்சல் நிலங்களில் இருப்பார்கள். வீட்டில் எத்தனை பேர் என்ற கேள்விக்கே பருவத்துக்கு ஒரு விடை வரும். அத்தை, மாமன் பிள்ளைகளைக் கட்டும் வழக்கம் இவர்களிடமும் உண்டு (தமிழ் மாணவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை). மணமாகிப் போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டுச் சடங்குகளில், குறிப்பாக இறப்புச் சடங்கில், பெரிய இடம் இருக்கிறது. 'குடும்பத் தலைவர்' என்ற ஒரே கட்டத்தை வைத்துக்கொண்டு இந்தக் கொண்டான் கொடுத்தான் உறவை எழுத முடியாது. 1976-இல் லாங்டாங் தேசியப் பூங்கா வந்த பிறகு காட்டுப்பன்றி பயிரை அழிப்பதும், அதை விரட்டும் உரிமை சுருங்கியதும் ஒரு விளைச்சல் பருவமாவது உடனிருந்தவருக்குத்தான் புரியும்.

அவசர ஆய்வால் இன்னொரு தீங்கும் உண்டு. பெண் கடத்தல் பற்றிய செய்திகளில் சில மாவட்டங்களின் தமாங் பெண்கள் மீது ஒரு முத்திரையே விழுந்துவிட்டது. எழுதியவர் போய்விட்டார். ஊர்ப்பெயரைச் சுமப்பது அங்கே வாழும் பெண்கள்.

அதனால் களத்துக்குக் கிளம்பும் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது, மறுபடி எப்போது போவீர்கள் என்பதைத்தான். நேபாளி மொழிபெயர்ப்பாளரை மட்டும் நம்பாமல் தமாங் மொழியைக் கொஞ்சமாவது கற்கச் சொல்கிறேன். அப்புறம், உள்ளூரில் கூட உழைத்தவரின் பெயர் நன்றியுரையோடு நின்றுவிடக் கூடாது. அந்த 1999 கட்டுரையில் ஹோம்பெர்க், மார்ச் பெயர்களோடு சூர்யமான் தமாங்கின் பெயரும் ஆசிரியராகவே இருக்கிறது.