ரூதர்ஃபோர்டின் பாதையை எவ்வளவு தூரம் நம்பலாம்?

அணுக்கரு இயற்பியல் வகுப்பில், அணுக்கருவால் சிதறும் ஆல்பா துகளின் (அதாவது ஹீலியம் கருவின்) பாதையை வரையச் சொன்னால், மாணவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அதிபரவளையத்தை வரைந்துவிடுகிறார்கள். கருவை நேராக நோக்கி வந்தால் திரும்பி ஓடும். தள்ளி வந்தால் லேசாக வளையும். எவ்வளவு தள்ளி வருகிறது என்பதுதான் மோதல் காரணி. அதை உந்தத்தால் பெருக்கினால் கோண உந்தம். 1911இல் ரூதர்ஃபோர்டு இப்படித்தான் கணக்கிட்டார். விடையும் சரியாக வந்தது. ஆபத்தே அங்கேதான் இருக்கிறது.

எண்களைப் போட்டுப் பாருங்கள். 5.5 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆல்பா துகள் தங்கக் கருவால் 90 பாகை திரும்ப வேண்டுமானால், மோதல் காரணி சுமார் 21 ஃபெர்மி (ஒரு ஃபெர்மி 10⁻¹⁵ மீட்டர்) இருக்க வேண்டும். கோண உந்தமும், எச்-பார் அலகில் (பிளாங்க் மாறிலியை 2π-ஆல் வகுத்தது), தற்செயலாக அதே 21. பெரிய எண்தானே, பாதை என்று பேசினால் என்ன என்று தோன்றும். ஆனால் குவாண்டத்தின் நிச்சயமின்மைக் கொள்கைப்படி, கோணத்தை இறுக்கிப் பிடித்தால் கோண உந்தம் கைநழுவும். சிதறும் கோணத்தை 1 பாகைக்குள் அடக்க, கோண உந்தம் ஏறத்தாழ 30 அலகு பரவியிருக்க வேண்டும். இருப்பதே 21! இரு பக்கமும் விட்டுக்கொடுத்துச் சமரசம் செய்தாலும் பாதை பத்துப் பாகைக்கு மேல் மங்கிவிடுகிறது.

பிறகு ரூதர்ஃபோர்டின் சூத்திரம் எப்படிச் சரியாக வந்தது? தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதமான விசைக்குச் செவ்வியல் கணக்கும் குவாண்டம் கணக்கும் ஒரே விடையைத் தருகின்றன. அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன். அணுக்கரு விசை குறுக்கே வந்ததும் அது தீர்ந்துபோகிறது.

1959இல் இயற்பியலாளர்கள் ஃபோர்டும் வீலரும் பாதையைத் தூக்கி எறியவில்லை. ஒவ்வொரு கோண உந்தத்துக்கும் துகளுக்குரிய குவாண்டம் அலையின் கட்டம் எவ்வளவு பெயர்கிறது என்று பார்த்து, அந்தப் பெயர்ச்சியின் சரிவிலிருந்து விலகல் கோணத்தை எடுத்தார்கள். ஒரே கோணத்துக்கு இரண்டு, மூன்று பாதைகள் வந்து சேர்ந்தால் கூட்ட வேண்டியது அலை வீச்சுகளை, நிகழ்தகவுகளை அல்ல. நிரல் எழுதும் மாணவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். கோண உந்தத்தைக் குறிக்கும் முழு எண்ணோடு அரையைக் கூட்ட மறப்பது அடுத்தது. மிக மெதுவாக நகரும் வெப்ப நியூட்ரானுக்கு இந்தப் படமே உதவாது. அங்கே கோண உந்தம் பூஜ்ஜியம் மட்டும்தான்.

எண் பெரிதாக இருந்தாலும் படம் பொய்க்கும் இடம் ஒன்று உண்டு. ஹீலியத்தில் ஆல்பா துகளைச் செலுத்தினால், மோதும் இரண்டும் ஒரே வகைத் துகள் என்பதால் ஒற்றைப்படைக் கோண உந்தங்கள் முற்றாக விடுபடுகின்றன. 45 பாகையில் செவ்வியல் கணக்கைவிட இருமடங்கு துகள்கள் வரும் என்று 1930இல் இயற்பியலாளர் நெவில் மாட் சொன்னார். அதே ஆண்டில் சாட்விக் எண்ணிப் பார்த்தார்; மெதுவான ஆல்பா துகள்களுக்கு அப்படியே வந்தது.